எங்கள் வாசலில் குடிவந்த சாமி

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் இப்போது யாரும் என் கணவர் பெயரைச் சொல்வதில்லை. ஆஞ்சநேயர் கோயில் வாசல் என்கிறார்கள். அது கோயில் வாசல் இல்லை, என் வாசல். கோயில்தான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைத் திருத்திச் சொன்னால் சாமி இல்லாதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறார்கள். எனக்குச் சாமி உண்டு. இந்தச் சாமியை எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் சிக்கல். இடது காது கிழிந்திருக்கும், என் வீட்டுத் தயிர் மிகவும் பிடிக்கும், என் மகளைக் கடித்தது.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கம்பெனிச் சுவர்கள் ஓய்ந்து ஏரிக்கரை தெரியத் தொடங்கும் இடத்தில் உள்ளே திரும்பினால் எங்கள் நகர். பின்னால் காப்புக்காடு. கடைசித் தெருவில் கடைசி வீடு எங்களுடையது. கார்களுக்குக் கண்ணாடி மாட்டும் லைனில் நின்று நின்று கால் நரம்பு புடைத்துப்போன என் கணவர், வீடு கட்டினால் காட்டுப் பக்கம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். காற்று வருமாம். மனை விற்றவர்கள் கொடுத்த வண்ணத்தாளில் ஒரு புள்ளிமான் யாரோ ஒருவர் வாசலில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் மனிதர் மயங்கினார் என்று இன்றும் சொல்வேன்.

குறை சொல்லக் கூடாது, வண்ணத்தாளில் போட்டிருந்ததெல்லாம் வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் மயில் வந்து நின்றது. பொழுது சாயும் நேரத்தில் மான்கள் ஏரிக்குப் போவது சமையலறை ஜன்னலில் தெரியும். ஒருநாள் குளியலறையில் உடும்பு. சொந்தக்காரர்கள் வந்தால் மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டைக் காட்டுவோம், ஏதோ நாங்களே தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி. என் கணவருடைய போனில் எங்கள் கல்யாணப் படத்தை விட மயில் படங்கள் அதிகம்.

மகளுக்கு அப்போது பேச்சு வந்த புதிது. யார் வந்தாலும் வாசலில் நின்றுகொண்டு, "இது நம்ம வூடு" என்பாள். சிலிண்டர் போட வருகிறவரிடமும் நம்ம வூடுதான், மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவரிடமும் நம்ம வூடுதான். எங்க வூடுன்னு சொல்லணும்டி, அவருக்கு இதில் பங்கு கிடையாது என்று நான் கேலி செய்வேன். மண்டையில் ஏறவே இல்லை. மதில்மேல் வந்து உட்கார்ந்த முதல் குரங்கிடமும் அவள் அதையேதான் சொன்னாள். அது காதில் வாங்கிக்கொண்டது போலிருக்கிறது.

குரங்குகள் எங்கிருந்தோ வந்துவிட்டன என்று எங்கள் நகரில் எல்லோரும் சொல்வார்கள். அவற்றைக் கேட்டால் வந்தது நீங்கள்தான் என்று சொல்லும். ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கம்பெனிக்கு இடம் திருத்தினார்கள். நாவலும் இலந்தையும் காரைப் புதரும் இருந்த மேட்டை ஜேசிபி வைத்து வழித்து எடுத்தார்கள். அதோடு சாலையோரம் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர்கள் வாழைப்பழம் போட்டார்கள். சனிக்கிழமை ஆனால் ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பொரி போட்டார்கள். மரத்தைப் பிடுங்கியவர்கள் யாரோ, பொரி போட்டவர்கள் யாரோ, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது நான்.

கூட்டத்தில் பெரியது காது கிழிந்த கடுவன் குரங்கு. அதற்கு எங்கள் வீட்டு பிரிட்ஜைத் திறக்கத் தெரியும். திறக்க மட்டுமல்ல, தயிர்ப் பாத்திரத்தின் மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடத் தெரியும். துணி காயப்போட முடியாது, வடகம் போட முடியாது, தண்ணீர்த் தொட்டி மூடி மேல் கருங்கல் வைக்க வேண்டும். நான் குச்சியோடு ஓடினால் கடுவன் பல்லைக் காட்டும். நானும் பல்லைக் கடிப்பேன். இப்படியே எங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரர்தான் எங்கள் நகர் சங்கத்துக்குச் செயலாளர். கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவையும் லைன் என்றே நினைத்துக்கொண்டிருப்பவர். குரங்குக்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. மதில் முழுக்க மிளகாய்த் தூள் தூவினார், அது காற்றில் பறந்து எங்கள் கண்ணில் விழுந்தது. மாடியில் புலி பொம்மை வைத்தார், கடுவன் அதன் முதுகில் உட்கார்ந்து பேன் பார்க்கக் கொடுத்தது. தினமும் காலையில் பட்டாசு வெடித்தார். சரத்தைக் கொளுத்தி நேராகக் குரங்குக் கூட்டத்தின் மேலேயே வீசுவார். குட்டியைச் சுமந்துகொண்டிருந்த தாய்க் குரங்கு ஒன்றுக்கு அப்படித்தான் வால் கருகியது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள்.

கடைசியில் அவர் கண்டுபிடித்தது கரடி. வடக்கே ஏதோ ஒரு ஊரில் ஓர் ஆளுக்குக் கரடி வேஷம் போட்டு வயலில் நடக்க விட்டதும் குரங்குகள் ஓடிப்போனதை போனில் பார்த்தாராம். சங்கக் கூட்டத்தில் எழுந்து கரடியின் மகிமையை அப்படி விளக்கினார். கரடி விடுவது என்பார்களே, அதை நிஜமாகவே செய்த ஒரே சங்கம் எங்களுடையதுதான். நாடகக் கம்பெனிக்காரரிடமிருந்து கறுப்பு முடி வைத்த உடையும் தலையும் வந்தன. உள்ளே போனவர் எங்கள் வாட்ச்மேன். விழுப்புரம் பக்கத்து ஆள், நடு வயது, யார் எதைச் சொன்னாலும் சரி சார் என்று சொல்லிப் பழகியவர்.

இந்தப் பக்கத்தில் கரடியைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. குரங்குகளும் பார்த்ததில்லை. இருந்தாலும் முதலில் சில நாள் பயந்து ஓடத்தான் செய்தன. எதிர்வீட்டுக்காரர் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். வெயில் ஏறியது. முடி உடைக்குள் அந்த மனிதர் வெந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டு மதிலோரப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, கரடித் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். மரத்தின் மேலிருந்து கடுவன் பார்த்துக்கொண்டே இருந்தது. மறுநாள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அவர் ஒரு உருண்டை கொடுத்தார். அப்புறம் தினமும் கொடுத்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பசிக்கிற உசிரு பக்கத்துல ஒக்காந்து பாத்துகினே கீது, எப்டிம்மா துன்றது" என்றார்.

என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. கரடி மாமா பாவம், வேர்க்கிறது என்று ஒரே புலம்பல். பள்ளி இல்லாத ஒரு நாள், நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பாட்டில் தண்ணீரும் பிஸ்கெட் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போயிருக்கிறாள். ஒரு பிஸ்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டியிருக்கிறாள். அவருக்குக் கொடுத்தால் அடுத்தது தனக்கு என்றுதான் கடுவனுக்குத் தெரியும், அதுதான் அங்கே வழக்கம். அது பாக்கெட்டைப் பிடித்தது. குழந்தை பயந்து கையை இழுத்தாள். அது கடித்தது.

அலறல் கேட்டு நான் வெளியே வந்தபோது, கழுத்துக்குக் கீழே கரடியாக இருந்த ஒருவர் என் பெண்ணை மார்போடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முன்னங்கையில் சதை பிளந்து ரத்தம் அந்தக் கறுப்பு முடியெல்லாம் வழிந்தது. ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார், உடையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. வாலாஜாபாத் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நின்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ படம் பிடித்தார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார்.

கையைத் தைத்தார்கள், ஊசிகள் போட்டார்கள், புண் ஆறியது. பயம் ஆறவில்லை. முதலில் மாடிக்குப் போகமாட்டேன் என்றாள். பிறகு குளியலறை ஜன்னலை அட்டை வைத்து மூடச் சொன்னாள். பிறகு தெருமுனையில் நிற்கும் ஸ்கூல் வேன் வரை நடக்க முடியவில்லை. கூரைமேல் ஒரு சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மறைமலை நகரில் இருக்கும் என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, பெண்ணைக் கொஞ்ச நாள் தன்னிடம் விடச் சொன்னாள். அங்கே மூன்றாவது மாடி, சுற்றிலும் வீடுகள், குரங்கு கிடையாது, மரமும் கிடையாது. லீவு முடிந்தால் வந்துவிடுவாள் என்றுதான் பெட்டியில் துணி வைத்தேன். லீவு முடிந்தது. அவள் வரவில்லை. அங்கேயே பள்ளியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். குரங்குகள் போக வேண்டும், என் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வனத்துறை ஆளைப் பார்த்தேன். நல்ல மனிதர், பூசி மெழுகாமல் பேசினார். சங்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் பெரிய காட்டில் விட ஏற்பாடு செய்யலாம், ஆனால் அதுவரை யாரும் தீனி போடக் கூடாது என்றார். வீடு வீடாக ஏறி இறங்கினேன். சனிக்கிழமை பொரி போடுகிறவர்கள் காலில் விழாத குறை. ஒருவழியாக எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் கூண்டு வருவதாக இருந்தது. நாத்தனாருக்கு போன் செய்து, மகளுடைய பெட்டியைத் தேடி எடுத்து வை என்று சொன்னேன்.

கூண்டு வருவதற்குள் கடுவன் செத்துப்போனது. எங்கள் மதிலை ஒட்டி நிற்கும் டிரான்ஸ்பார்மரில் தாவியிருக்கிறது. வெடித்த சத்தம் கேட்டு, மின்சாரமும் போய்விட, வெளியே வந்தேன். சாலையில் மல்லாந்து கிடந்தது. கை விரித்திருந்தது, உள்ளங்கையில் ரேகைகள் இருந்தன. பொய் சொல்லமாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆனாலும் முதல் வேலையாக மகளுக்கு போன் செய்தேன். அது செத்துவிட்டது, நீ வந்துவிடலாம் என்றேன். எது என்று கேட்டாள். காது கிழிந்தது என்றேன்.

"பாவம்மா அது" என்றாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு வருவதாகச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தெருவே கூடியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் தோளில் துண்டோடு நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். கடுவன் மேல் யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்து, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள். மூங்கில் வந்தது, பாடை கட்டினார்கள். மேளக்காரர்கள் வந்தார்கள். காலையில் அதே கூட்டத்தைத் துரத்த வாங்கி வைத்திருந்த பட்டாசுச் சரத்தைக் கொண்டுவந்து அதன் பாடைக்கு முன்னால் கொளுத்தினார்கள். மதில் மேலிருந்த மற்றக் குரங்குகள் சிதறி ஓடின. இது மரியாதைக்கு வெடிப்பது என்று யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.

நகரை ஒருமுறை சுற்றிக் கொண்டுவந்து என் கேட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள். குழி தோண்ட ஆரம்பித்ததும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இங்கே வேண்டாம், காட்டோரமாக வையுங்கள் என்றேன். உயிர் போன இடத்தில் வைப்பதுதான் முறை என்று எதிர்வீட்டுக்காரர் பொறுமையாக விளக்கினார், லைனில் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல. என் கணவரைத் தேடினேன். பாடையின் முன்பக்கத்தைத் தோளில் சுமந்து வந்த அவர் அதன் பக்கத்திலேயே நின்றார். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், தூங்காத கண்ணோடு.

அவரை ஓரமாக இழுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாரும் செய்றாங்க. நான் மட்டும் தனியா நிக்கச் சொல்றியா?" என்றார். "செத்ததுகிட்ட இன்னா கோவம் ஒனக்கு?"

செத்ததன்மேல் எனக்குக் கோபமில்லை. இதை அவருக்கு விளங்க வைக்க அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. குழியை மூடியபோது வாட்ச்மேன் மட்டும்தான் உண்மையாக அழுதார். கையில் சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் மண்மேட்டில் வைத்தார். அது படையல் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மேட்டைச் சுற்றிச் செங்கல் கட்டி, நாலு கம்பு நட்டுத் தகரக் கூரை போட்டு, மாலை போட்ட ஆஞ்சநேயர் படம் வைத்துவிட்டார்கள். வடைமாலை, வெண்ணெய், வாழைத்தார். இவ்வளவு நாள் பட்டாசுக்குப் பயந்து ஒன்றிரண்டாக வந்த குரங்குகள், அப்போது மொத்தக் கூட்டமாக என் மதில் மேல் வரிசையில் உட்கார்ந்து பந்திக்குக் காத்திருந்தன. நாத்தனாரின் ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பியது. பின்னால் என் மகள், மடியில் பெட்டி.

வண்டி கேட்டை நெருங்குவதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவள் சட்டைக் கையை மேலே தள்ளினார்கள். ஒருத்தி தழும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்தவளும் ஒற்றிக்கொண்டாள். சாமி தொட்ட குழந்தை என்று ஒரு குரல் வந்தது. எதிர்வீட்டுக்காரர் விபூதித் தட்டோடு வந்து, எத்தனை பேர் தெருவில் இருந்தும் அவர் உன்னைத்தானே தேடித் தொட்டார், நீ கொடுத்து வைத்தவள் என்று அவளிடம் சொன்னார்.

"தொடல. கடிச்சுது" என்றேன். "அவ சதைய பிச்சி எடுத்துச்சி. நீங்க கேக்கலன்னாலும் அந்தக் கை கத்தும்."

எல்லோரும் என்னை விட்டு ஓரடி விலகினார்கள். என் மகள் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. மதில் மேலிருந்த கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அத்தையின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

கூண்டு வந்த வண்டியைச் சங்கத்துக்காரர்களே தெருமுனையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். கோயிலுக்கு எதிரில் கூண்டு வைத்துச் சாமியின் பிள்ளைகளைப் பிடிப்பதா என்று கேட்டார்களாம். வனத்துறை ஆள் எனக்கு போன் செய்து, எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்று முன்பே சொன்னதை மறுபடி சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக் குரங்கு பிடிக்க முடியாது.

இப்போது தகரக் கூரை போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. சிமெண்டில் ஆஞ்சநேயர், ரோஸ் நிறம், இரண்டு காதும் முழுசாக. வாட்ச்மேன்தான் பூசாரி. கரடி வேஷத்தில் வெயிலில் வெந்ததற்கு இது தேவலை என்கிறார், அவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. சனிக்கிழமைகளில் ஷிப்ட் பஸ்கள் நின்று போகின்றன. வாசலில் மற்றவர்கள் செருப்பை ஒதுக்கிவிட்டுத்தான் நான் வெளியே போகிறேன். என் கணவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கோயிலை ஒரு சுற்று சுற்றுகிறார். வீட்டை விற்றுவிடலாம் என்றேன். புரோக்கர் வந்து பார்த்து, கோயில் பக்கத்தில் இருப்பதால் அதிக விலைக்கே போகும் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். என் கணவர் அதைக் கேட்டதும், அப்படிப்பட்ட வீட்டை யாராவது விற்பார்களா என்று திருப்பி என்னிடமே கேட்டார்.

மயில் இன்னமும் வருகிறது. மான்கள் ஏரிக்குப் போகும் வழியில் புதுச் சுற்றுச்சுவர் வந்துவிட்டதால் அவற்றைக் காணவில்லை. அவற்றுக்காக யாரும் கூட்டம் போடவில்லை. எங்கள் தெருவில் செத்தால்தான் மதிப்பு போலிருக்கிறது.

கும்பாபிஷேகத்துக்கு முதல் விளக்கை என் மகள்தான் ஏற்ற வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்து எதிர்வீட்டுக்காரர் வெற்றிலை பாக்கோடு வந்தார். என் கணவர் தட்டை வாங்கிக்கொண்டார். நான் உள்ளே போய் அவளுக்கு போன் செய்தேன். விளக்கு பற்றிப் பேசவில்லை, அந்தப் பேச்சை அவள் காதில் போடக்கூட எனக்கு மனம் இல்லை. பரீட்சை எப்போது முடிகிறது, லீவுக்கு வருகிறாயா என்று மட்டும் கேட்டேன். பின்னால் நாத்தனார் வீட்டுத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"நீ வாம்மா" என்றாள். "எங்க வூட்டுக்கு வந்து எவ்ளோ நாளாச்சி நீ?"

அவளுக்கு அந்தச் சொல்லை நான்தான் கற்றுக்கொடுத்தேன். சரியாகச் சொல்கிறாள்.